பளிங்கு என்பது எந்தக் கல்?

சென்ற ரமலானில் ஓரிரவு, தராவீஹ் தொழுகை முடிந்து வீடு திரும்பியபின், சூரா நம்லில் வரும் நபி ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஹுத்ஹுத் பறவை கொண்டுவந்த செய்தி, ஸபா நாட்டு அரசிக்கு விடுத்த மடல், கண் இமைக்குமுன் வந்து சேர்ந்த அரியணை ஆகிய கட்டங்களையெல்லாம் கடந்து, அரசியார் மாளிகைக்குள் அடியெடுத்து வைக்கும் இடத்துக்கு வந்தோம். "அது பளிங்குத் தரை. அதை அரசியார் தண்ணீர்த் தடாகம் என்று எண்ணி, நனைந்துவிடாமல் ஆடையை உயர்த்திக்கொண்டார்" என்றோம். அதுவரை வாய் திறவாமல் கேட்டிருந்த பத்து வயதுப் பேத்தி குறுக்கிட்டாள்.

"நன்னா, நம்ம வீட்டு ஹால்ல போட்டிருக்கிறதும் பளிங்குதானே? அதைப் பார்த்து யாராச்சும் தண்ணின்னு ஏமாந்திருக்காங்களா?"

"அந்தக் காலத்துப் பளிங்கு அப்படி, கண்ணே" என்று சொல்லிக் கதையைத் தொடர்ந்துவிட்டோம். விடை தெரியாத பெரியவர்களுக்குக் கைவந்த விடை அது. குழந்தை அடங்கிவிட்டாள், நமக்குத்தான் அடங்கவில்லை. இறைமறையின் ஒரு வசனத்தை விளக்க வந்து, கேட்ட கேள்விக்கு மழுப்பல் சொன்னோமே என்னும் உறுத்தல் ஸஹர் வரை தூங்க விடவில்லை. மறுநாள் அலமாரியிலிருந்த அகராதிகளை இறக்கினோம். அவற்றில் கண்டதும், அவற்றைத் தொடர்ந்து தேடிக் கண்டதும் இக்கட்டுரை ஆயின.

முதலில் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். சூரா நம்லின் 44ஆம் வசனத்தில் அம்மாளிகைக்கு வரும் சொல் 'ஸர்ஹ்'. அது எதனால் ஆனது என்பதற்கு வரும் சொல் 'கவாரீர்'. இது 'காரூரா' என்பதன் பன்மை. கண்ணாடி, கண்ணாடிக் கலம் என்பது பொருள். சூரா இன்ஸானில் சுவனத்துக் கிண்ணங்களைப் பற்றிக் கூறுமிடத்தும் இச்சொல்லே வருகிறது. பெண்கள் ஏறிய ஒட்டகங்களைப் பாட்டிசைத்து விரைந்தோட்டிய அன்ஜஷா என்பாரிடம், கண்ணாடிக் கலங்களை மெல்ல நடத்துமாறு நம் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி நம்மில் பலர் அறிந்ததே. அங்கும் சொல் 'கவாரீர்'தான். எளிதில் உடையும் பொருள் என்பதால் அன்றோ அந்த உவமை? சலவைக்கல்லை எவரும் அவ்வாறு சொல்லார்.

அதே வசனத்தில் 'முமர்ரத்' என்று மற்றொரு சொல் உண்டு. காதில் விழும்போது 'மர்மர்' என்னும் கல்லின் பெயர்போல் ஒலிப்பதால், அரபு அரைகுறையாக அறிந்த நம் போன்றோர் மயங்க இடமுண்டு. இரண்டுக்கும் உறவில்லை. 'முமர்ரத்' என்பது வழவழப்பாக்கப்பட்டது என்று பொருள்படும்; மீசை அரும்பாத இளைஞனை அரபியில் 'அம்ரத்' என்பார்களே, அந்த வேரிலிருந்து வந்தது. எனவே வசனம் கூறுவது வழவழப்பான கண்ணாடித் தளம். கல் தளம் அன்று. அதன் அடியில் நீர் ஓடவிடப்பட்டிருந்தது என்று இப்னு கஸீர் முதலான விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். அடியில் நீர், மேலே கண்ணாடி. ஏமாறாதவர் யார்? பேத்தி கேட்டது சரியான கேள்வி. நாம் சொன்னதுதான் தவறான விடை.

ஆனால் தவறு முழுவதும் நம்முடையதன்று என்றும் சொல்லிக்கொள்ள வேண்டும். இவ்வசனத்துக்குப் 'பளிங்கு' என்னும் சொல்லையிட்ட தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. அச்சொல்லை இட்டவர் பிழை செய்யவில்லை. பிழை, அச்சொல்லை நாம் படிக்கும் முறையில் இருக்கிறது.

பழந்தமிழில் பளிங்கு என்றால் சலவைக்கல் அன்று. ஒளி ஊடுருவும் படிகக்கல் அது. வடமொழி 'ஸ்படிகம்' பிராகிருத வழியாகத் தமிழுக்கு வந்து பளிங்கு ஆயிற்று என்பது அகராதிக்காரர் கொள்கை; அதே சொல் வேறு வழியாக வந்து 'படிகம்' என்றும் நிற்கிறது. இதை ஒப்பாத தனித்தமிழ் அறிஞரும் உளர். 'பளபள', 'பளிச்சு' என்னும் ஒளிக்குறிப்புச் சொற்களோடு சேர்த்து அவர்கள் பளிங்குக்கு வேர் காண்பார்கள். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. எவ்வழியாக வந்தாலும் பொருள் ஒன்றே என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் அதிகாரத்தில் பளிங்கு உவமையாக வருகிறது. அருகில் வைத்த பொருளின் நிறத்தைத் தன்னுள் வாங்கிக் காட்டும் பளிங்குபோல, நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்பது கருத்து. செம்பருத்திப் பூவைப் படிக மணியின் அருகில் வைத்துப் பாருங்கள், மணி சிவக்கும். சலவைக்கல் தரையில் வைத்துப் பாருங்கள். தரை வெள்ளையாகவே இருக்கும். வள்ளுவர் நம் வீட்டுத் தரையைச் சொல்லவில்லை என்பது அந்த ஒரு சோதனையிலேயே விளங்கும்.

மணிமேகலையில் 'பளிக்கறை புக்க காதை' என்றே ஒரு பகுதிக்குப் பெயர். உவவனம் என்னும் மலர்வனத்தில் உதயகுமரன் வருவதறிந்து அஞ்சிய மணிமேகலை, அங்கிருந்த பளிக்கறை மண்டபத்துள் புகுந்து கொள்கிறாள். உள்ளிருப்பவர் உருவம் வெளியே தெரியும், ஒலிமட்டும் வெளிவராது என்று அம்மண்டபத்தின் இயல்பைச் சாத்தனார் கூறுகிறார். சலவைக்கல் சுவருக்கு அப்பால் நிற்பவர் உருவம் எவ்வாறு தெரியும்? அது படிகத்தால் அல்லது கண்ணாடியால் ஆன அறை. நபி ஸுலைமானின் 'ஸர்ஹ்' எத்தகையதோ, புலவர் கற்பனையில் இந்தப் பளிக்கறையும் அத்தகையதே. ஆகவே 'கவாரீர்' என்பதற்குப் 'பளிங்கு' என்று எழுதியவர் பழந்தமிழை அறிந்து எழுதியவர் ஆகிறார். படிக்கும் நாமோ தாஜ்மஹாலை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறோம்.

சலவைக்கல்லுக்குப் பளிங்கு என்னும் பெயர் ஏறியது பிற்கால வழக்கு. தாஜ்மஹாலை வருணிக்க வந்த இக்கால உரைநடையில் 'பளிங்கு மாளிகை' என்பது நிலைபெற்றுவிட்டது. திரைப்படப் பாடலிலும் பள்ளிப் பாடநூலிலும் பயின்றபின் எவராலும் அதை மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டியதில்லை. பழைய நூலைப் படிக்கும்போது மட்டும் பழைய பொருளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் அந்த வெண்கல்லுக்குத் தமிழில் உரிய பெயர் யாது? சலவைக்கல்தான். வெளுத்த துணியைப்போல் வெண்மையான கல் என்றே நம் காதுக்கு அச்சொல் ஒலிக்கிறது. தெலுங்கில் இதன் உடன்பிறப்பு கிடைக்கிறது. அவர்கள் அக்கல்லைச் 'சலுவராயி' என்பர். 'சலுவ' என்பதற்கு அம்மொழியில் துணி வெளுத்தல் என்ற பொருளும் உண்டு. குளிர்ச்சி என்ற பொருளும் உண்டு. கோடையில் வெறுந்தரையில் படுத்து உறங்கியவர்களுக்கு இந்த இரண்டாவது பொருளின் அருமை தெரியும். தெலுங்கரே அதைப் 'பாலராயி', அதாவது பால்கல், என்றும் சொல்வர். மலையாளத்தில் 'வெண்ணெக்கல்லு', வெண்ணெய்போன்ற கல். கன்னடத்தில் 'அம்ருதசிலெ'. தென்னாட்டார் ஒவ்வொருவரும் இக்கல்லைத் தம் அடுக்களையிலோ துணிமடியிலோ வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

அரபியில் இதற்கு இரு பெயர்கள் உண்டு. ஒன்று 'ருகாம்'. மற்றொன்று 'மர்மர்'.

'ருகாம்' என்பது வெண்மையான, மென்மையான கல் என்று லிஸானுல் அரப் போன்ற பேரகராதிகள் விளக்குகின்றன. கல்லில் என்ன மென்மை என்று தோன்றலாம். இந்தச் சொல்லின் வேரே மென்மையைக் குறிப்பது. இனிய, மெல்லிய குரலுக்கு 'ரகீம்' என்பர். விளிக்கும்போது பெயரின் கடைசி எழுத்தைத் தேய்த்துவிட்டு அழைப்பதற்கு அரபு இலக்கணத்தில் 'தர்கீம்' என்று பெயர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நம் நபி (ஸல்) அவர்கள் 'யா ஆயிஷ்' என்று விளித்ததாக வரும் அறிவிப்பு தர்கீமுக்கு எடுத்துக்காட்டாகும். அன்பினால் பெயர் மென்மையாகிறது. நம் வீடுகளில் ஃபாத்திமாவைப் 'பாத்து' என்றும் கதீஜாவைக் 'கதீசு' என்றும் அழைக்கிறோமே, அதுவும் இதுதான். இலக்கணப் பெயர் தெரியாமலே இதைச் செய்துவருகிறோம்.

கல் விஷயத்தில் அந்த மென்மை வெறும் கவிதையன்று. சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்தில் பெரு வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி, அதன் துகள்கள் புதிதாகப் படிகமாகி இறுகும்போது சலவைக்கல் ஆகிறது. எனவே அது அடிப்படையில் சுண்ணாம்பு. பேனாக்கத்தியால் அதைக் கீறலாம். படிகக்கல்லோ மணலின் இனம். கத்தியால் அதைக் கீற முடியாது. ஆக, அரபுக்காரர் 'மென்கல்' என்று பெயரிட்டதும், தமிழன் பளிங்கு என்று முதலில் பெயரிட்டதும் இருவேறு கற்களுக்கு; ஒன்று மெலிது, ஒளி புகாதது; மற்றது வலிது, ஒளி ஊடுருவுவது. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் சலவைக்கல் தரை கறைபட்டு மங்குவதும் அது சுண்ணாம்பு என்பதால்தான். நோன்புக் கஞ்சிக்குத் துணையாகத் துவையல் அரைக்கும் வீட்டுப் பெண்கள் இதை எந்த நூலையும் படியாமலே அறிந்திருக்கிறார்கள்.

இனி 'மர்மர்'. இது அரபு மண்ணில் பிறந்த சொல்லன்று. கிரேக்கத்தின் 'மர்மரோஸ்' என்பதிலிருந்து வந்தது என்பது மொழியியலார் முடிபு. ஹோமரின் இலியட் காவியத்தில் மர்மரோஸ் என்பது வீரர் கையிலெடுத்து எறியும் கரடுமுரடான பாறைக்கல். அதைக்கொண்டு அழகிய சிலை வடிப்பது அங்கே பேச்சில்லை, எதிரியின் மண்டையைப் பிளப்பதே பேச்சு. பின்னரே அச்சொல், மெருகிட்டால் ஒளிவிடும் வெண்கல்லுக்கு உரியதாயிற்று. 'மர்மைரைன்' என்னும் கிரேக்க வினைக்கு மின்னுதல் என்று பொருள். கல்லுக்கு மின்னுதலால் பெயர் வந்ததா, வெறும் பாறை என்னும் பொருள் பின்னர் மின்னுதலோடு ஒட்டிக்கொண்டதா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. நம் பளிங்குக்குப் 'பளபள'வா ஸ்படிகமா என்ற வழக்கு எப்படியோ, அப்படியே அவர்கள் வழக்கும். ஒளிவிடும் பொருளுக்குப் பெயர் தேடும்போது மனிதன் எங்கும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறான் போலும்.

ஹோமரே கடலைக் குறிக்கும்போதும் இந்த மின்னுதற் சொல்லின் அடைமொழியை இட்டிருக்கிறார். இலத்தீன் புலவர்கள் ஒரு படி மேலே போனார்கள். அலையடங்கிப் பளபளக்கும் கடற்பரப்பை அவர்கள் 'மார்மோர்' என்றே சொன்னார்கள். வர்ஜிலின் காவியத்தில் இது உண்டு. கல்லுக்கும் நீருக்கும் ஒரே பெயர்! பேத்தியின் கேள்விக்கு இத்தனை தூரத்திலிருந்தும் ஒரு கிளை நீள்வதைக் கண்டபோது நமக்கு வியப்பாகவே இருந்தது.

கடலையும் இக்கல்லையும் இணைக்கும் இடம் ஒன்று உலகப்படத்திலேயே உள்ளது. இஸ்தன்பூலுக்குத் தெற்கே கருங்கடலுக்கும் ஏஜியன் கடலுக்கும் இடையில் கிடக்கும் மர்மரா கடல்தான் அது. அக்கடலிலுள்ள மர்மரா தீவு பண்டைக்காலம் முதல் சலவைக்கல் வெட்டியெடுக்கும் இடம். புரொகொன்னெஸோஸ் என்பது அதன் பழைய பெயர். கல்லால் தீவுக்குப் பெயர் வந்தது. தீவால் கடலுக்குப் பெயர் வந்தது. துருக்கியர் கல்லை 'மெர்மெர்' என்பர். 537ஆம் ஆண்டில் முடிவுற்ற ஆயா ஸோஃபியாவின் தரை இத்தீவின் கல்லே. வெண்மையில் சாம்பல்நிற வரிகள் ஓடும் அத்தரையைக் கடலலைக்கு ஒப்பிட்டுப் பைசாந்தியர் எழுதினர். பேரரசர் ஸுலைமானுக்காகக் கட்டடக் கலைஞர் ஸினான் 1550க்கும் 1557க்கும் இடையில் எழுப்பிய ஸுலைமானிய்யா பள்ளிவாசலிலும் மர்மராக் கல் உண்டு.

நீரும் சலவைக்கல்லும் ஒன்றோடொன்று மயங்கும் அழகை எல்லாரிலும் சிறப்பாகச் சொன்னவர் அந்தலூஸியப் புலவர் இப்னு ஸம்ரக் (1333–1393). கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகையில், ஐந்தாம் முஹம்மது காலத்தில் அமைந்த சிங்க முற்றத்தின் நடுவே பன்னிரண்டு வெண்கல் சிங்கங்கள் ஒரு நீரூற்றுத் தொட்டியைத் தாங்கி நிற்கின்றன. தொட்டியின் விளிம்பில் அவருடைய கவிதை பொறிக்கப்பட்டுள்ளது. ஓடுவது நீரா கல்லா என்று காண்போர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அதில் வரும் ஒரு கருத்து. கண்ணாடித் தளத்தைக் கண்டு அரசி மயங்கிய வரலாறு அப்புலவர் நெஞ்சில் இருந்ததோ என்னவோ. ஆனால் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே மயக்கம் உண்மையாகவே நிகழ்ந்தது. இங்கே புலவர் மயங்குவதுபோல் பாடுகிறார்.

இஸ்லாமியக் கட்டடங்களில் இக்கல் நுழைந்தது மிகத் தொடக்கத்திலேயே. ஜெரூசலத்தில் ஹிஜ்ரி 72இல் (691-692) அமைந்த குப்பத்துஸ் ஸக்ராவின் உட்சுவர்களில் சலவைக்கல் பலகைகள் பதிக்கப்பட்டன. கலீஃபா வலீத் கட்டிய திமஷ்கின் பெரிய பள்ளியில், ஒரே பாளத்தை இரண்டாக அறுத்து, விரித்த புத்தகத்தின் இரு பக்கங்கள்போல் அருகருகே பதித்து, வரிகள் இருபுறமும் ஒன்றையொன்று எதிர்நோக்குமாறு செய்திருக்கிறார்கள். கஅபாவின் உட்புறத்தில் முதன்முதலாகச் சலவைக்கல் பதித்தவரும் வலீதே என்பது பழைய மக்கா வரலாற்றாசிரியர் அஸ்ரகீ வழியாக வரும் செய்தி. ஹிஜ்ர் இஸ்மாயீலைச் சலவைக்கல்லால் மூடியவர் அப்பாஸியக் கலீஃபா மன்ஸூர் என்பர்.

பாரசீகர் 'மர்மர்' என்னும் சொல்லோடு தம் சொல்லான 'ஸங்' என்பதைச் சேர்த்தனர். ஸங் என்றால் கல். 'ஸங்கே மர்மர்' என்றால் மர்மர் என்னும் கல். ஹஜருல் அஸ்வதை உருது பேசும் நம் சகோதரர்கள் 'ஸங்கே அஸ்வத்' என்பது இந்த ஸங்தான். முகலாயர் வழியாக இச்சொற்றொடர் வடஇந்திய மொழிகளில் புகுந்து 'ஸங்மர்மர்' என்று ஒட்டிப்போயிற்று. ஷாஜஹான் 1632 முதல் கட்டிய தாஜ்மஹாலுக்கு வெண்கல் வந்தது ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து. ஆக்ராவுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கல்வெட்டுவோரையும் பாளங்களை ஏற்றிவர வண்டிகளையும் ஏற்பாடு செய்து கொடுக்குமாறு அம்பர் அரசர் ஜெய்சிங்குக்கு ஷாஜஹான் விடுத்த ஃபர்மான்கள் எஞ்சியுள்ளன. மும்தாஜின் நினைவைப் பாடிய கவிஞர்கள் ஆயிரவர். அந்த வண்டி மாடுகளைப் பாடியவரை நாம் இன்னும் காணவில்லை.

மேற்கே இச்சொல் சென்ற வழியும் சுவையானது. இலத்தீன் 'மார்மோர்' பழைய பிரெஞ்சில் 'மார்ப்ர்' ஆயிற்று. ரகரம் இருமுறை வருவது நாவுக்கு இடராதலால், ஆங்கிலேயர் வாயில் இரண்டாவது ரகரம் லகரமாகி 'மார்பிள்' பிறந்தது. ஸ்பானியர் 'மார்மோல்' என்றதும் அப்படியே. இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டுவதில்லை. சாம்பர் சாம்பல் ஆகிறது. பந்தர் பந்தல் ஆகிறது. குடர் குடல் ஆகிறது. இறுதிப்போலி என்று நம் இலக்கண ஆசிரியர்கள் எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள்.

இவ்வளவும் அறிந்தபின் பேத்தியை அழைத்து, நாம் அன்றிரவு சொன்னது தவறு என்றும், அரசியார் கண்டது கண்ணாடித் தளம் என்றும் விளக்கினோம். அவள் ஒப்புக்கொண்டாள். கையோடு அடுத்த கேள்வியையும் விடுத்தாள்.

"அப்ப கோலிக்குண்டு கண்ணாடிதானே நன்னா? அதை ஏன் இங்கிலீஷ்ல மார்பிள்னு சொல்றாங்க?"

இதற்கு விடை தெரிந்தே இருந்தது. மேல்நாட்டில் சிறுவர் உருட்டி விளையாடிய உருண்டைகளை முன்பு களிமண்ணிலும் கல்லிலும் செய்தார்கள். சலவைக்கல்லில் செய்தவை உயர்ந்தவை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்த உருண்டைகளுக்கே 'மார்பிள்' என்று ஆங்கிலத்தில் பெயர் வழங்கலாயிற்று. 1840களில் ஜெர்மனியின் லவுஷா என்னும் ஊரில் கண்ணாடி உருண்டைகளை விரைவாகச் செய்யும் கருவி வந்தது. கல் போயிற்று, கண்ணாடி வந்தது. பெயர் மட்டும் கல்லிலேயே நின்றுவிட்டது. ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் உருவாக்கிய புட்டியின் கழுத்தில் அந்த உருண்டை போய் அமர்ந்ததால்தான் நமக்குக் கோலி சோடா கிடைத்தது.

இங்கே ஒரு விந்தை உண்டு. தமிழில் ஒளி ஊடுருவும் படிகத்தின் பெயரான பளிங்கு, ஒளி ஊடுருவாத சலவைக்கல்லுக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் ஒளி ஊடுருவாத கல்லின் பெயரான மார்பிள், ஒளி ஊடுருவும் கண்ணாடி உருண்டைக்குப் போயிற்று. எதிரெதிரே புறப்பட்ட இரு வண்டிகள் நடுவழியில் சரக்கை மாற்றிக்கொண்டு போனதுபோல் இருக்கிறது.

இக்கல்லின் வரிகளைக் காகிதத்தில் கண்டவர்களும் உண்டு. நீரின்மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, கலக்கி, அதன்மேல் தாளைப் பரப்பி எடுக்கும் கலை பாரசீகத்திலும் துருக்கியிலும் செழித்தது. பழைய கட்டுப் புத்தகங்களின் உள்ளட்டையில் சுருள்சுருளாக ஓடும் வண்ணத்தை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பர். ஐரோப்பியர் அதை முதலில் 'துருக்கித் தாள்' என்றனர். பின்னர் அந்த வரிகளில் சலவைக்கல்லைக் கண்டு 'மார்பிள் தாள்' என்றனர். அதைச் செய்தவர்களோ அதில் கல்லைக் காணவில்லை. பாரசீகர் இட்ட பெயர் 'அப்ரீ'; மேகம் போன்றது என்று பொருள். துருக்கியரின் 'எப்ரு' அதிலிருந்து வந்தது. கண்ட கண்ணுக்கு ஏற்ற பெயர். நாமாயின் மேகத்தின் பக்கமே நிற்போம்.

கல்வியாளர் இத்தனை நுணுக்கம் பார்த்தாலும் கடைவீதி பார்ப்பதில்லை. மெருகேறும் சுண்ணாம்பினக் கல் எதுவாயினும் வணிகர்க்கு அது மார்பிள்தான். அரபியிலும் 'மர்மர்' ஒரே கல்லோடு நிற்பதில்லை. கெய்ரோக் கோட்டையிலுள்ள முஹம்மது அலீ பள்ளியின் சுவர்களில் வேய்ந்திருப்பது அலபாஸ்டர் என்னும் வேறு கல். அதுவும் அங்கே மர்மர் எனப்படுகிறது. வீடு கட்டுவோர் பெயரை மட்டும் நம்பாமல், துண்டு ஒன்றை வாங்கி ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்ப்பது நல்லது. நுரைத்தால் அது சுண்ணாம்பின் இனம். படிகத்தின் இனமோ கிரானைட்டோ அன்று.

நம் வீட்டுத் தரைக்கும் அச்சோதனையைச் செய்து பார்த்தோம். கதவுக்குப் பின்னால், எவர் கண்ணுக்கும் படாத மூலையில். நுரைத்தது. சிறு வெண்வட்டமாக ஒரு மங்கலும் அங்கே நிலைத்துவிட்டது. வீட்டாருக்கு அதை நாம் இன்னும் அறிவிக்கவில்லை. பேத்திக்கு மட்டும் தெரியும்.

மக்காவில் தவாஃப் செய்யும் முற்றத்தில் இன்று பரப்பப்பட்டிருப்பதும் சலவைக்கல்லே. அது கிரேக்க நாட்டுத் தாசோஸ் தீவின் கல். அத்தீவில் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே கல் வெட்டி வருகிறார்கள். சொல் எந்த நாட்டிலிருந்து அரபுக்கு வந்ததோ, அந்த நாட்டிலிருந்தே கல்லும் வந்து சேர்ந்திருக்கிறது. அடியில் குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன என்று ஹாஜிகளிடையே ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒன்றுமில்லை, குளிர்ச்சி கல்லினுடையதே என்று ஹரம் நிர்வாகத்தினர் தெளிவுபடுத்தியுள்ளனர். மாசற்ற அதன் வெண்மை வெயிலைப் பெரும்பகுதி திருப்பி அனுப்பிவிடுகிறது. நாம் ஹஜ்ஜுக்குச் சென்றிருந்தபோது ளுஹர் நேரத்தில் வெளித்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நான்கடி நடந்ததிலேயே உள்ளங்கால் கொதித்தது. வாயிலைக் கடந்து, கஅபா கண்ணில் பட்டு, நடுவெயிலில் கிடந்த முற்றத்தில் பாதத்தை வைத்தோம். சலுவராயி என்னும் தெலுங்குச் சொல் அப்போது நமக்குத் தெரியாது. கால் அறிந்துகொண்டது.